பனையோலைக்குப் பெருமை, பனஞ்சாற்றுக்கு வழக்கு

செட்டிநாட்டுக்கு வருவோர் இன்று மாளிகைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. பொருள்கள் உருவாகும் விதத்தையும் பார்க்க விரும்புகிறார்கள். ஆத்தங்குடியில், கண்ணாடித் தட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் பரப்பி, நீரில் ஊறவைத்து எடுக்கும் பூக்கல் பட்டறைகளின் வாசலில் வெளிமாநில வண்டிகள் நிற்கின்றன. காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்யும் தறியருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கொட்டான் முடையும் பெண்களிடம் ஓலைக்குச் சாயம் ஏற்றும் முறையைக் கேட்டறிகிறார்கள். செய்முறையைக் கண்ணால் கண்டபின் வாங்குபவருக்குப் பொருளின்மீது நம்பிக்கை பிறக்கிறது. செய்தவருக்கு மதிப்புக் கிடைக்கிறது.

இந்தப் பட்டியலில் இடம்பெற முடியாத கைத்தொழில் ஒன்றும் இதே மண்ணில் உண்டு. கொட்டான் பனையோலையால் ஆனது. செட்டிநாட்டுக் கொட்டானுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே பனையின் பாளையிலிருந்து வடியும் சாறு, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழுந்தால் பதநீர். தடவாத கலயத்தில் விழுந்தால் கள். முன்னது உணவு; பின்னது குற்றம். ஒரே மரம், ஒரே கை, ஒரே அரிவாள். இடையில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

கள்ளை அனுமதிக்கலாமா, கூடாதா என்ற விவாதம் தேர்தல்தோறும் எழுந்து அடங்குகிறது. அந்த விவாதத்தில் இரு தரப்பினரும் பெரும்பாலும் தொடாத ஒரு கேள்வியை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்: தமிழகத்தில் விற்கப்படும் மது எங்கே, எதிலிருந்து, எப்படி உருவாகிறது என்பதைக் குடிப்பவரோ, அவரது குடும்பத்தாரோ, வாக்களிக்கும் பொதுமக்களோ பார்ப்பதற்கு ஏன் வழியே இல்லை?

கண்ணாடிக்குப் பின்னால்

இந்தக் கேள்வி எனக்குள் வலுப்பெற்றது பெங்களூரில். உறவினர் ஒருவரைக் காணச் சென்றிருந்தபோது, இந்திராநகரில் உள்ள சிறு பீர் ஆலை ஒன்றைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. 'மைக்ரோபுரூவரி' என்று அங்கே அழைக்கிறார்கள். உணவகமும் ஆலையும் ஒரே கூரையின்கீழ் இருக்கும். தயாரிப்பதை அங்கேயே விற்பார்கள். இந்தியாவில் இத்தகைய ஆலைகள் பரவத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. புணேயில் 2009இலும், பெங்களூரில் 2010இலும் தொடங்கிய ஆலைகள் இவற்றுள் முன்னோடிகள். இன்று பெங்களூரில் மட்டும் பல பத்து ஆலைகள் இயங்குகின்றன.

உணவகத்துக்கும் ஆலைக்கும் இடையே ஒரு கண்ணாடிச் சுவர். அதற்குப் பின்னால் செம்பு நிறக் கொப்பரைகளும் உயரமான எஃகுக் கலன்களும் வரிசையாக நின்றன. ஆலையின் வடிப்பாளர் முதலில் ஒரு பிடி தானியத்தை எங்கள் கையில் கொடுத்து மென்று பார்க்கச் சொன்னார். மெல்ல மெல்ல இனித்தது. அது முளைகட்டி உலர்த்திய பார்லி. மால்ட் என்பது அதுதான். நம் வீடுகளில் கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச, கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, வறுத்துத் திரிக்கிறோம் அல்லவா? அந்த முறையின் தொடக்கமும் பார்லி மால்ட்டின் தொடக்கமும் ஒன்றே. தானியம் முளைவிடும்போது, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் அதற்குள் பெருகுகின்றன. முளைக் கேழ்வரகுக் கஞ்சி கெட்டிப்படாமல் நீர்த்திருப்பதற்கும், பார்லி வாயில் இனிப்பதற்கும் காரணம் அந்த நொதிகளே.

திரித்த மால்ட்டைச் சுமார் 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். நொதிகள் தம் வேலையைச் செய்து முடித்ததும், இனிப்பான சாறு வடிக்கப்படுகிறது. எஞ்சும் சக்கை மாட்டுத் தீவனமாகப் போகிறது. சாற்றை ஒரு மணி நேரத்துக்குமேல் கொதிக்கவைக்கும்போது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களைச் சேர்க்கிறார்கள். கசப்பையும் மணத்தையும் தருவது அந்தப் பூ. கெடுதல் செய்யும் நுண்ணுயிர்கள் பலவற்றைத் தடுப்பதும் அதுவே. பிறகு சாற்றைக் குளிரவைத்து ஈஸ்ட் சேர்த்தால் நொதித்தல் தொடங்குகிறது. 'ஏல்' வகைகள் 20 பாகைக்கு அருகில் சில நாள்களில் நொதித்துவிடும். 'லாகர்' வகைகளுக்கு 10 பாகை அளவிலான குளிரும், சில வாரக் காத்திருப்பும் தேவை.

சுவைத்துப் பார்ப்பதற்காகச் சிறு கண்ணாடிக் குவளைகள் ஐந்தை ஒரு பலகையில் வைத்துக் கொடுத்தார்கள். கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணத்தன. இரண்டில் எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை. ஒருவகை ஈஸ்ட் நொதிக்கும்போது உருவாக்கும் மணங்கள் அவை. கறுப்பு நிற 'ஸ்டௌட்'டில் காபியின் கசப்புத் தெரிந்தது. அங்கும் காபிக்கொட்டை இல்லை. கருக வறுத்த பார்லிதான் அந்தக் கசப்பைத் தந்தது. கேள்விகளுக்கு வடிப்பாளர் பதில் சொன்ன விதம்தான் என்னைக் கவர்ந்தது. எந்தக் கலனில் எந்த நாளில் ஊற்றியது, ஆல்கஹால் எத்தனை விழுக்காடு, என்ன தானியம் என்று ஒவ்வொன்றுக்கும் கரும்பலகையில் எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டினார். ஒளிக்க எதுவும் இல்லாத இடத்தில் விளக்கம் எளிதாக இருக்கிறது.

பீர் தென்னிந்தியாவுக்குப் புதிதல்ல. நீலகிரியில் 1857இலேயே 'காசில் புரூவரி' என்ற ஆலை இருந்தது. அதையும் பெங்களூர், நீலகிரிப் பகுதிகளின் வேறு ஆலைகளையும் ஒன்றிணைத்து 1915இல் உருவானதுதான் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனம். சிறு ஆலைகள் சேர்ந்து பெரிதாவது உலகெங்கும் நடந்த கதை. அமெரிக்காவில் 1970களின் பிற்பகுதியில் எஞ்சியிருந்த பீர் ஆலைகள் நூற்றுக்கும் குறைவு. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட ஒரு சட்டம், வீட்டில் தம் தேவைக்குப் பீர் காய்ச்சிக்கொள்வதற்கான கூட்டாட்சித் தடையை நீக்கியது. வீட்டுச் சமையலறையில் கற்றுக்கொண்டவர்கள் பலர் பின்னர் சிற்றாலைகளைத் தொடங்கினார்கள். இன்று அந்நாட்டின் ஆலைகளின் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தாண்டியுள்ளது. அங்கே மீண்டும் பிறந்தது தொழில் மட்டுமன்று. செய்முறை பற்றிய பொது அறிவும்கூட.

சுண்ணாம்பின் அறிவியல்

இனிப்பு எப்படி மதுவாகிறது என்பதை அறிவியல் புரிந்துகொண்ட வரலாற்றில் பீருக்குப் பெரிய இடமுண்டு. லூயி பாஸ்டர் 1876இல் பீர் குறித்த தம் ஆய்வு நூலை வெளியிட்டார். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலை 1875இல் ஓர் ஆய்வகத்தையே நிறுவியது. அங்கே எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல், ஒரே உயிரணுவிலிருந்து பெருக்கிய தூய ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். பீர் கெட்டுப்போவதைத் தடுக்கும் அந்தக் கண்டுபிடிப்பைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கார்ல்ஸ்பெர்க் வழங்கியது. அதே ஆய்வகத்தில்தான் 1909இல் சோரன்சன், அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலை வகுத்தார். பள்ளிக்கூட வேதியியல் பாடத்தில் நாம் படித்த அந்த அளவுகோல், ஒரு பீர் ஆலையின் தேவையிலிருந்து பிறந்தது.

நம் பனையேறி கலயத்தில் சுண்ணாம்பு தடவும்போது செய்வதும் இந்த அளவுகோலை நகர்த்தும் வேலையே. பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் பத்து விழுக்காட்டுக்குமேல் சர்க்கரை இருக்கும். காற்றிலும், பாளையிலும், பழைய கலயத்தின் சுவரிலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதைத் தேடி வருகின்றன. சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்கி அவற்றின் வேலையை முடக்குகிறது. அதனால் சாறு இனிப்பாகவே இருக்கிறது; அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லையெனில், மரத்தின் உச்சியிலேயே நொதித்தல் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நுரைக்கும்; ஒரு நாளுக்குள் நான்கைந்து விழுக்காடு ஆல்கஹாலை எட்டும்; மேலும் விட்டால் புளித்து வினிகராகும். முந்தைய இரவு அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதும், பழைய சோறு புளிப்பதும் இதே நுண்ணுயிர் உலகின் வேலைகள்தாம்.

பீருக்கும் கள்ளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. அதைச் சர்க்கரையாக்க முளைகட்டலும், வெந்நீரும், கொப்பரையும் வேண்டும். பனையோ சர்க்கரையை நேரடியாகவே தருகிறது. பெங்களூரில் எஃகுக் கலன்களும் குளிரூட்டிகளும் செய்யும் வேலையின் பெரும்பகுதியை இங்கே மரமே முடித்துக் கொடுத்துவிடுகிறது. எஞ்சியிருப்பது மனிதக் கைத்திறன் மட்டுமே.

கண்மாய்க் கரையில்

அந்தக் கைத்திறன் சாதாரணமானதன்று. பெங்களூரிலிருந்து திரும்பிய பிறகு, பதநீர்ப் பருவத்தில், காரைக்குடிக்குத் தெற்கே ஒரு கண்மாய்க் கரையில் பனையேறி ஒருவரின் காலை வேலையைக் கவனித்தேன். பாளையை மென்மையாக நசுக்கிப் பதப்படுத்த ஒரு கருவி. நுனியைச் சீவ ஒரு தனி அரிவாள். ஆண் பனைக்கு ஒரு விதம், பெண் பனைக்கு வேறொரு விதம். சீவும் தடிமன் கூடினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். குறைந்தால் சாறு நின்றுவிடும். ஒவ்வொரு மரத்திலும் நாளொன்றுக்கு இரண்டு, மூன்று முறை ஏறியாக வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் பாளை காய்ந்து, அந்தப் பருவமே வீணாகும்.

எழுபதை நெருங்கும் அந்தப் பெரியவர் சொன்னதில் இரண்டு செய்திகள் என் மனத்தில் தங்கின. ஒன்று, அவருடைய மகன்கள் யாரும் மரம் ஏறுவதில்லை. இன்னொன்று, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் காட்டினாலும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர்கள் உண்டு என்பது. வெயில் கூடினால் பதநீரே சற்று நுரைத்துவிடும். அப்போது எது பதநீர், எது கள் என்று தீர்மானிக்கும் கருவி எதுவும் கரையில் இருப்பதில்லை; அதிகாரம் உள்ளவரின் மூக்குதான் தீர்மானிக்கிறது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்ற வடிப்பாளர் தம் அறிவைப் பெருமையோடு விளக்கினார். அதைவிடக் கடினமான வேலையைச் செய்யும் இவர், தம் அறிவை விளக்குவதற்கே தயங்கினார்.

பனை தமிழகத்தின் மாநில மரம். 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை விதைகளை விநியோகிக்கும் திட்டமும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்ற அறிவிப்பும் இடம்பெற்றன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், மரத்தைக் காப்பாற்றும் சட்டம் மரமேறியைக் காப்பாற்றிவிடாது. ஏற ஆள் இல்லாத பனை, செங்கல் சூளைக்கு விறகாகப் போகும் நாளை எதிர்நோக்கி நிற்கும் மரம்தான்.

வரிக்கு வசதியான மது

இந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின்கீழ் கள் ஒரு வருவாய் இனமாக ஒழுங்குபடுத்தப்பட்டது. மரங்களுக்கு எண் இட்டு மரவரி வாங்கினார்கள். கடைகளை ஏலம் விட்டார்கள். அந்த வருவாய்க்கு எதிரான அறப்போராகத்தான் காந்தியடிகள் காலத்தில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. ஈரோட்டில் நடந்த மறியலில் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். பெரியார் தமது தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்தார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணம் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. மதுவுக்கு மாற்றாகப் பிறந்த வரி அது. இன்று நாம் விற்பனை வரியையும் செலுத்துகிறோம். மது வருவாயும் தொடர்கிறது.

1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் கள், சாராயக் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 1981இல் மறுபடியும் திறக்கப்பட்டன. 1983இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவனம் அமைந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. 2003 நவம்பர் இறுதியில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. 2024-25 நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் சுமார் ரூ.48,344 கோடி.

இந்த வரலாற்றில் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. நிலைத்து நிற்கும் மது வென்றது. நிலையில்லாத மது தோற்றது. கள்ளைச் சேமிக்க முடியாது; நெடுந்தூரம் அனுப்ப முடியாது; காலையில் ஒரு வலிமை, மாலையில் வேறொன்று. ஆயிரக்கணக்கான மரங்களில், ஆயிரக்கணக்கான கைகளில் அது பிறக்கிறது. அதை எண்ணுவதும் வரி விதிப்பதும் கடினம். ஆலையில் நிரப்பப்பட்ட புட்டியோ ஆண்டுக்கணக்கில் கெடாது. எண்ணலாம், முத்திரை ஒட்டலாம், கிடங்கில் அடுக்கலாம். எது உடலுக்குக் குறைந்த தீங்கு என்ற கேள்வியைவிட, எது வரிக்கு வசதி என்ற கேள்வியே அதிகச் செல்வாக்குப் பெற்றதாகத் தோன்றுகிறது.

வலிமையின் கணக்கைப் பாருங்கள். கடையில் விற்கும் 180 மில்லி லிட்டர் பிராந்திப் புட்டியில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். அதாவது சுமார் 77 மில்லி லிட்டர் தூய ஆல்கஹால். ஐந்து விழுக்காடு கள்ளில் அதே அளவு ஆல்கஹாலைப் பெற ஒன்றரை லிட்டர் குடித்தாக வேண்டும். மேலும், 'பிராந்தி' என்று நாம் அழைப்பதில் பெரும்பாலானவை திராட்சையிலிருந்து வடித்தவை அல்ல. கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த எரிசாராயத்துக்கு நிறமும் மணமும் சேர்த்தவை. சட்டம் வலிமை குறைந்ததைத் தடுத்து, வலிமை மிகுந்ததை அரசின் கையாலேயே விற்கிறது.

மறுதரப்பின் நியாயம்

இதற்காகக் கள்ளைப் புனிதப்படுத்தத் தேவையில்லை. பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. கள்ளில் இருக்கும் ஆல்கஹாலும் ஆல்கஹால்தான். அதை வெறும் 'உணவு' என்று சொல்வது அறிவியலுக்கு நேர்மையானதன்று. கலப்பட அபாயமும் கற்பனையல்ல. 2025 ஜூலையில் ஹைதராபாத்தின் குகட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள் குடித்துப் பலர் உயிரிழந்தனர். கேரளத்தில் கள்ளுக்கடைகள் சட்டப்படி இயங்குகின்றன. அங்கும், இறக்கும் அளவுக்கும் விற்கும் அளவுக்கும் பொருத்தம் உண்டா என்ற ஐயம் அவ்வப்போது எழுகிறது.

மதுவால் சிதைந்த வீடுகளின் பெண்கள் புதிதாக ஒரு கடையும் வேண்டாம் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. மதுக்கடையை அகற்றக் கோரிய போராட்டத்தின்போது 2015 ஜூலை 31 அன்று உயிர்நீத்த காந்தியவாதி சசிபெருமாளின் கோரிக்கையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் கூறு காட்டும் திசை. மரமேறுதலை ஒரு சாதியின் தலையில் மீண்டும் சுமத்திவிடக் கூடாது என்ற கவலையும் உரிய கவனத்துக்கு உரியது.

ஆனால், இந்த வாதங்கள் அனைத்தும் புட்டி மதுவுக்கும் பொருந்தும். கள்ளை மட்டும் தடுப்பதற்கு அவை காரணமாக முடியாது. கலப்படம் குறித்த வாதமோ என் கேள்விக்கே வலுச் சேர்க்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது மெத்தனால். பார்லியோ பனஞ்சாறோ நொதிக்கும்போது அந்த அளவில் மெத்தனால் உருவாவதில்லை. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான நஞ்சை யாரோ ஒருவர் இருட்டில் கலந்ததால் விளைந்த சாவுகள் அவை. உடலுக்குள் சென்ற மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. பிழைத்தவர்களிலும் சிலர் பார்வையை இழப்பது அதனால்தான். ஹைதராபாத்திலும் கருணாபுரத்திலும் குடித்தவர்கள் தம் கையிலிருந்தது எங்கே, யாரால் தயாரானது என்பதை அறிந்திருக்க வழியில்லை. சாவைக் கொண்டுவந்தது நொதித்தல் அன்று, மறைப்பு.

பார்க்கக்கூடியதாக ஆக்குவோம்

காரைக்குடியில் பெங்களூரைப் போல் பீர் ஆலைகள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருக்கும் குடியே இந்த மாவட்டத்துக்கு அதிகம். நான் கேட்பது, விற்பதற்கு அனுமதி உள்ள எதுவும் பார்ப்பதற்கும் அனுமதி உள்ளதாக இருக்க வேண்டும் என்ற ஒரே நெறியைத்தான். அந்த நெறியிலிருந்து மூன்று செயல்கள் பிறக்கின்றன.

முதலாவது, பதநீர். இதற்குச் சட்டத் தடை இல்லை. தேவை நம்பிக்கை மட்டுமே. பி.எச். அளவைக் காட்டும் தாளும், ஆல்கஹாலை அளக்கும் எளிய கருவியும் பனைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் இருந்தால், மூக்கின் தீர்ப்புக்குப் பதில் எண்ணின் தீர்ப்பு வரும். இதற்கான அறிவைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. பி.எச். அளவீடு மின்வேதியியலின் அரிச்சுவடி. அருகிலேயே அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கிறது. தென்னை நீராவுக்கு 2017இல் தமிழக அரசு தனி அனுமதிமுறை வகுத்தது. பனைக்கும் அந்த அக்கறை நீளலாம்.

இரண்டாவது, கள். மாநிலம் முழுவதும் திறப்பதா, மூடுவதா என்ற இரு முனைகளுக்கு இடையில் ஒரு வழி உண்டு. பனை மிகுந்த இரண்டொரு வட்டங்களில், கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில், எண்ணிடப்பட்ட மரங்களிலிருந்து இறக்கி, அன்றன்றே, இறக்கிய இடத்துக்கு அருகில், அளந்து சோதித்து, பகல் பொழுதில் மட்டும் விற்கும் ஒரு சோதனை முயற்சியைச் செய்யலாம். எத்தனை மரம், எத்தனை லிட்டர் என்பது ஊரறிய எழுதப்பட்டிருந்தால், இறக்கியதைவிட அதிகமாக விற்க முடியாது. கலப்படத்தின் வாசல் அங்கேயே அடைபடும். ஊர்ப் பெண்களின் ஒப்புதல் இல்லாமல் எங்கும் தொடங்கக் கூடாது. இரண்டு ஆண்டுகள் கழித்து, புட்டி மதுவின் விற்பனை குறைந்ததா, கூடியதா என்பதைப் பார்த்து முடிவெடுக்கலாம். தீங்கு கூடினால் நிறுத்திவிடலாம். கோவா தனது முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. மத்தியப் பிரதேசம் பழங்குடியினரின் இலுப்பைப்பூ மதுவுக்குச் சட்ட ஏற்பு அளிக்க 2021இல் முடிவெடுத்தது. ஒழுங்குபடுத்துவது முடியாத செயல் அல்ல என்பதற்கு இவை சான்றுகள்.

மூன்றாவது, புட்டி. எந்த மூலப்பொருளிலிருந்து வடித்தது, நிறமும் மணமும் எவை, மொத்தம் எத்தனை கிராம் ஆல்கஹால் என்பதைப் படிக்கக்கூடிய எழுத்தில், தமிழில், ஒவ்வொரு புட்டியிலும் அச்சிட வேண்டும். ஆலைகளில் எடுக்கப்படும் மாதிரிகளின் சோதனை முடிவுகளைப் பொதுவெளியில் வெளியிட வேண்டும். ஆண்டுக்கு ரூ.48,000 கோடிக்குமேல் வருவாய் தரும் வாடிக்கையாளருக்கு, தம் கையில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது இருக்க வேண்டாமா? உண்மையான விவரம் கண்ணில் படும்போது சிலர் குடியைக் குறைக்கவும் கூடும். அரசு அஞ்சுவது அதற்குத்தான் என்றால், அதையாவது வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

முழு மதுவிலக்குத்தான் நம் இலக்கு என்றாலும், இந்த மூன்றும் அதற்குத் தடையல்ல. குடிப்பழக்கத்தைக் குறைக்க விரும்பும் எந்தச் சமூகமும் முதலில், எவ்வளவு, எது, எங்கிருந்து என்ற கணக்கை அறிந்தாக வேண்டும். அறியாத ஒன்றை ஒழிக்கவும் முடியாது, ஒழுங்குபடுத்தவும் முடியாது.

பனையேறிகளைப் பொறுத்தவரை காத்திருக்க நேரம் இல்லை. பாளை சீவும் கலையைப் புத்தகத்தில் எழுதிவைத்துப் பின்னொரு நாளில் கற்றுக்கொள்ள முடியாது. மரத்தின் உச்சியில், கையருகே கை வைத்துத்தான் அது கடத்தப்படுகிறது. இன்று ஏறுபவர்களில் பலருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. அடுத்த சில பருவங்களுக்குள் அவர்களின் அறிவைக் குற்றப் பட்டியலிலிருந்து கைத்தொழில் பட்டியலுக்கு மாற்றாவிட்டால், பிறகு நாம் எந்தச் சட்டத்தைத் திருத்தினாலும் மரம் ஏற ஆள் இருக்காது.